பூட்டன் படுத்திருக்கும் இடம்

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லறை, பெட்டி, மண் என்றெல்லாம் எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் பாதியில் பயந்துவிடக் கூடாது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள், இடுப்பில் அடி, அவ்வளவுதான். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு நல்ல எலும்பு" என்றார். அந்தப் பாராட்டை அம்மா இன்றுவரை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பழவங்காடி சிக்னலில் ஆட்டோ நின்ற நேரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மக்ளே, என்ன அந்தப் புது எடத்துல கொண்டு போட்டிராதே, கேட்டியா?"

"எந்த எடம்மா?"

"மலைக்கு அந்தப் பக்கம் கோயில்லேருந்து வாங்கிப் போட்டிருக்காவல்லா. அங்க ஒரு பஸ் உண்டா? எவ வந்து என்னப் பாப்பா?"

திருவனந்தபுரத்தில் எங்களுடையது தமிழ்க் கிறிஸ்தவச் சபை. சர்ச்சைத்தான் கோயில் என்போம். ஊருக்கு நடுவில் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அது நிறைந்துபோய் வெகுநாளாகிறது. அதனால் ஊருக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் புது இடம் வாங்கினார்கள். பழைய தோட்டத்தில் குடும்பக் கல்லறை உள்ளவர்கள் மட்டும் அதைத் திறந்து தங்கள் ஆட்களை அங்கேயே வைக்கலாம். எங்களுக்கு அப்படி ஒன்று உண்டு. தெற்கு மதிலை ஒட்டி, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கல். அம்மாவின் பூட்டன், அதாவது அவளுடைய தாத்தாவின் அப்பா, அங்கே படுத்திருக்கிறார். சிறுபிள்ளையாக இருந்த நாளிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அங்கே போய்க் கல்லைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் வாங்கின செவ்வந்தியை வைத்துவிட்டு வருவது அம்மாவின் வழக்கம்.

அப்பா அவருடைய சொந்த ஊரில், திருநெல்வேலிப் பக்கம் அடக்கமானார். "அப்பா பக்கத்துல வேண்டாமா?" என்று ஆட்டோவில் கேட்டேன்.

"அவிய கொறட்டைய ஒரு ஆயுசுக்குக் கேட்டாச்சு. போதும்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் வெட்டிக் கொடுக்கிறேன். அங்கே வாங்க வருகிறவர்கள் பேசுவார்கள், எனக்காகக் கத்தரிக்கோல் பேசும். கோயிலில் கடைசி பெஞ்சில் வாசல் பக்கமாக உட்காருவேன். முன்னால் உட்கார்ந்தால் பெண்கள் கூட்டத்தில் எழுந்து ஜெபம் பண்ணச் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவளிடம் அம்மா, "நீ போய் செக்ரட்டரியப் பாத்து எடத்தப் பேசிட்டு வா" என்றாள். வீடு பார்த்துவிட்டு வா என்கிற மாதிரி.

கல்லறைக் கமிட்டி செக்ரட்டரி ஓய்வுபெற்ற அரசாங்க அலுவலர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. பேசும் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். வாயில் ஒரு சிரிப்பு எப்போதும் தயாராக நிற்கும். கம்ப்யூட்டரில் அடித்து எடுத்த கல்லறைப் பட்டியலை விரித்து, தெற்கு மதில் ஓரத்து வரிசையில் விரலை வைத்தார். விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"இது உங்க பூட்டன் கல்லறைன்னு யார் சொன்னது?"

"அம்மா சார்."

"இங்க பாருங்க. திருமதி தங்கம்னு இருக்கு."

"யாரு சார் அது?"

"அத நாங்கல்லே உங்ககிட்ட கேக்கணும்?" என்றார். பிறகு எனக்காகக் குரலைத் தணித்துக்கொண்டு விவரம் சொன்னார். ஈஸ்டருக்குள் ஒவ்வொரு குடும்பமும் கல்லறையில் இருப்பவருக்கும் தங்களுக்கும் உள்ள உறவைச் சபைப் பதிவேடுகளிலிருந்து காட்ட வேண்டும். காட்ட முடியாத கல்லறைகள் சபைக்குப் பொதுவாகப் போய்விடும். "நீங்க இத்தன வருஷமா யாருக்கோ பூ வச்சிட்டிருந்தீங்கன்னு தோணுது, கேட்டோ."

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே கிழக்கே கோட்டை வரைக்கும் நடந்தேன். யோசித்ததில் பயன் ஒன்றுமில்லை. உள்ளபடியே சொன்னேன்.

"எவ அவ?" என்றாள் அம்மா.

"தெரியல."

"தேச்சுத் தேச்சு என் வெரல்ல நகம் இல்ல. எவளோ ஒருத்திக்கா?"

அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து தம்பி கூப்பிட்டான். அவன் படித்தவன், கம்பெனி வேலை. வாயும் உண்டு. விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பூட்டன் வண்டிக்காரர்தானே? அங்க ஒரு வீடு, இங்க ஒரு வீடுன்னு இருந்திருப்பாரு. தங்கம் ரெண்டாவது வீட்டு அம்மாவா இருக்கும்."

அம்மா போனை என்னிடம் நீட்டி, "இத அணைச்சு வை" என்றாள்.

பூட்டனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்து போனவர், பிறகு சாலைக்குப் பின்னாலேயே குடியேறிவிட்டார். படம் இல்லை. அவர் கையால் தொட்ட பொருள் ஒன்றும் இல்லை. எத்தனை வண்டி வைத்திருந்தார் என்பது, அம்மா யாரிடம் சொல்கிறாள் என்பதைப் பொறுத்தது. என்னிடம் சொன்னால் ஒரு வண்டி. என் மாமியாரிடம் சொன்னபோது வண்டிகள் வரிசையாக வந்தன. அவருடைய பெயர் மட்டும் உறுதியாகத் தெரியும். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவின் அப்பாவுக்கு இருந்ததும் பூட்டனின் பெயர்தான்.

அம்மாவின் கோபம் ஆறிய பிறகு தம்பி மறுபடியும் கூப்பிட்டு எனக்கு ஒரு வழி சொன்னான். "வெளிநாட்டுல எல்லாம் பழைய சென்சஸ்ல போய்த்தான் முன்னோரக் கண்டுபிடிக்காங்க அக்கா. திருவிதாங்கூர்லயும் சென்சஸ் எடுத்திருக்காங்க. போய்ப் பாரு."

கடையில் லீவு சொல்லிவிட்டு ஒரு பழைய நூலகத்துக்குப் போனேன். வாசலில் செருப்பைச் சரியாக விட்டேனா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது, உள்ளே போவதைத் தள்ளிப்போடத்தான். மேசையில் இருந்த பெண்மணியிடம் மலையாளத்தில் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் அவர் எழுந்து போய், தூக்க முடியாத ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டார். ஆசையோடு திறந்தேன்.

எல்லாம் எண்கள்.

எந்தத் தாலுகாவில் எத்தனை பேர், எந்த மதம், எந்தப் பாஷை, ஓட்டு வீடு எத்தனை, ஓலை வீடு எத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை. ஒரு மனிதனுக்குக்கூடப் பெயர் இல்லை. வீடு வீடாகப் போய் எழுதின தாள்களை எண்ணி முடித்ததும் தூர எறிந்திருப்பார்கள் போல. அம்மா வீட்டில் இட்லிக்கு அரிசி அளந்துவிட்டு ஒவ்வொரு அரிசிக்கும் பெயர் எழுதி வைப்பதில்லையே, அப்படி. பக்கங்களைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் வண்டி ஓட்டுகிறவர்கள் என்ற வரியைப் பிடித்தேன். அந்த எண்ணுக்குள் எங்கேயோ என் பூட்டன் உட்கார்ந்திருந்தார். அதுவும் நிச்சயமில்லை. கணக்கெடுத்த நாளில் ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டி வண்டியில் போய்க்கொண்டிருந்தால், இரண்டு சர்க்காரும் அவரை எண்ணியிருப்பார்கள். அல்லது இரண்டு பேருமே விட்டிருப்பார்கள். அவர் விஷயத்தில் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"ஆளு கிட்டியோ?" ஆள் கிடைத்தாரா என்று மலையாளத்தில் கேட்டார் மேசையில் இருந்த பெண்மணி.

இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அதனால் "கிட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "எண்ணத்தான் தெரியும் அவங்களுக்கு. ஆளத் தெரியாது," என்றாள். பிறகு, "எழுத்து வேணும்னா கோயில்லதான் இருக்கும். கோயில்ல பேர எழுதாம தண்ணி தெளிக்க மாட்டாவ" என்றாள்.

அப்படியாகச் சனிக்கிழமை மத்தியானங்கள் கோயில் அலுவலகத்தில் கழிய ஆரம்பித்தன. கடை முதலாளியிடம் அம்மாவுக்கு வைத்தியம் என்று சொன்னேன். ஒரு வகையில் அது உண்மைதான். செக்ரட்டரி இரும்பு அலமாரியைத் திறந்து ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று மூன்று வகைப் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்தார். எல்லாம் தமிழ்தான். ஆனால் எழுதினவர் கூட்டெழுத்தாக இழுத்து எழுதியிருந்தார். நான் தும்மிக்கொண்டே வாசித்தேன். செக்ரட்டரி எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

முதலில் கிடைத்தது அம்மாவின் அப்பாவுடைய ஞானஸ்நானம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதில் இருந்த தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அம்மாவின் தாத்தாவுடைய ஞானஸ்நானம். அதில் தகப்பன் பெயர் மறுபடியும் முதல் பெயர். தாத்தா பெயர் பேரனுக்கு, பேரன் பெயர் அவன் பேரனுக்கு என்று இரண்டே பெயர்கள், ஒரு சைக்கிளை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. பாதியில் எனக்குக் குழம்பிப்போய், ஒரு ஆள் தனக்குத் தானே தாத்தாவாகிவிட்டார். செக்ரட்டரி பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைக் காப்பாற்றினார்.

"அப்போ இதுதான் உங்க பூட்டன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கறார். தொழில் வண்டி, வீடு சாலை. மனைவி பேரு... இது என்ன பேரு?"

யாரோ ஒரு மிஷனரி அம்மாள் தன் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நம் நாக்கில் நிற்காத பெயர். அந்தப் பதிவேடுகள் முழுவதிலும் வேறு யாருக்கும் அப்படி ஒரு பெயர் இல்லை. அதை நான் ஒரு துண்டுத்தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

இனி அடக்கப் பதிவேட்டில் அவர் பெயரைக் கண்டுபிடித்தால் முடிந்தது. கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பெயர் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினேன். பக்கம் பக்கமாக இறக்கினேன். அடுத்த சனிக்கிழமையும் இறக்கினேன். அந்தக் காலத்தில் பூட்டனின் பெயரில் ஒருவரும் சாகவில்லை.

"கலியாணம் கழிச்சார், பிள்ளை பெத்தார், சாகல்ல," என்றார் செக்ரட்டரி. "ஆள் இப்பவும் சாலையில வண்டியோட நிக்கறாரோ என்னமோ. நீங்க கடைக்குப் போற வழியில ஒண்ணு பாருங்க."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

"அந்தப் புது எடத்துக்குப் போறதுக்கு எங்கேருந்து பஸ் ஏறணும்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"ரெண்டு பஸ் மாறணும்னா நீ வர மாட்டே. ஒனக்குக் கண்டக்டர்கிட்ட எடம் கேக்கதுக்கே கூச்சம்."

அதுவும் உண்மைதான். அதனால்தான் வலித்தது. அவளுக்குக் கல்லோ மதிலோ முக்கியமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கடையிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொன்னால் அவள் அம்மா இல்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எலும்புப் பாராட்டுகூட வீட்டில் கேட்கவில்லை.

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து அம்மா சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி கூப்பிட்டான். நான் ராத்திரிக் குழம்புக்கு மீன் ஆய்ந்த கையோடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ராசா, சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"எம்மா, நான் ஆபீஸ் ஆளுங்களோட கார்ல இருக்கேன். எல்லாரும் கேக்காங்க. வீட்டுல ராசாவான்னு சிரிக்காங்க. எனக்கு ஒரு பேரு உண்டும்மா. ஒரு நாளாவது அதச் சொல்லிக் கூப்பிடேன்."

"போலே, அது மாமாக்க பேருல்லா. என் வாயில வருமா?"

தம்பி அலுத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். நான் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

அம்மா தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. திட்டும்போதுகூட "ராசா, ஒன் தோல உரிச்சிருவேன்" என்றுதான் திட்டுவாள். மகன் மேல் உள்ள கொஞ்சல் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. கொஞ்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பிக்கு வைத்தது அப்பாவின் அப்பா பெயர். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் பெற்ற பிள்ளைக்கே அவள் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"எம்மா, பூட்டனுக்கு அவருக்க தாத்தா பேருதானே வச்சிருப்பாவ?"

"பின்ன? மூத்த பேரனுக்கு வேற யாரு பேர வைப்பாவ?"

"அப்ப பூட்டனுக்க அம்மா அவர என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பா?"

அம்மா ரசத்தை ஊற்றப் போனவள் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் சொல்கிற சந்தோஷத்தை எனக்கு விட்டுக் கொடுக்கிறவள் அல்ல.

"தங்கம்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாமல், மறுநாளே கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பிக் கோயில் அலுவலகத்துக்கு ஓடினேன். அடக்கப் பதிவேட்டில் இந்த முறை பூட்டனின் பெயரைத் தேடி விரலை இறக்கவில்லை, தங்கத்தை மட்டும் தேடினேன். இருந்தது. நான் பல தடவை விரலால் தாண்டிப்போன வரிதான். தங்கம். தொழில் வண்டி. வீடு சாலை. அடுத்த பத்தியில், மனைவி என்று போட்டு, நாக்கில் நிற்காத அந்தப் பெயர். கொண்டுவந்தவர்கள் என்ற இடத்தில் சாலை வண்டிக்காரர்கள். அடக்கம் செய்த இடம் தெற்கு மதில்.

"திருமதி" என்று அந்தப் பழைய எழுத்தில் எங்கேயும் இல்லை.

செக்ரட்டரி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு கம்ப்யூட்டர் பட்டியலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"பட்டியல் அடிச்சது யாரு சார்?" என்று கேட்டேன். நானா கேட்டேன் என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

"அதொரு வேகத்துல அடிச்சது," என்றார். "தங்கம்னா பெண்ணுங்கதானேன்னு ஒரு மரியாதைக்குத் திருமதி போட்டேன்."

மரியாதைக்குத்தான். என் பூட்டனுக்கு அவர் வாழ்நாளில் யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் அம்மா மீதியைச் சொன்னாள். பூட்டன் போன சமயத்தில் அவருடைய மகன், அவளுடைய தாத்தா, கொழும்பில் இருந்தார். வீட்டில் இருந்தது மனைவி மட்டும். அவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். தாய்க்காரி சொன்னதே இல்லை. கூட வண்டி ஓட்டினவர்கள் எல்லோருக்கும் அவர் தங்கம்தான். அவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, தெரிந்த பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதருடைய சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் ஞானஸ்நானம் கொடுத்த ஐயர்கள் மட்டும்தான். நாங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பூட்டனுக்கும் அவருடைய பிள்ளைக்கும் தண்ணீர் தெளித்தபோது சொன்னது. அதற்குப் பிறகு அது பெட்டியில் மடித்து வைத்த கலியாண வேட்டி மாதிரி கிடந்திருக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டு, "ரெண்டாவது வீட்டு அம்மா யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். விவரம் கேட்டதும், "அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டதாச் சொல்லு" என்றான். அம்மா, "பூட்டன்கிட்ட கேக்கச் சொல்லு" என்றாள்.

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு ஐயர் முன்னிலையில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்று அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா பெட்டியிலிருந்து புதுச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஐயர் இளையவர், சிரித்த முகம். செக்ரட்டரிக்கு மட்டும் இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. பட்டியல் தப்பானதில் அவருக்கு ஒரு சங்கடம், அதனால் சந்தேகம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"வீட்டுப் பேரு எல்லாருக்கும் உண்டு, சம்மதிச்சேன்," என்றார். "ஆனா கல்லறை வரைக்கும் சொந்தப் பேர் இல்லாம ஒரு ஆள் போவாரோ? கமிட்டியில யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். துணி வெட்டும் மேசை எதிரில் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் மூடிக்கொண்டேன்.

"இருக்கட்டும், முதல்ல விண்ணப்பத்த எழுதலாம்," என்று ஐயர் சொன்னார். செக்ரட்டரி பேனாவை எடுத்தார். அம்மா பெயர், வயது, விலாசம் எல்லாம் ஆயிற்று.

"மகன் பேரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லுட்டி."

"விண்ணப்பம் உங்களோடதல்லே அம்மா? நீங்களே சொல்லுங்க."

"ராசான்னு கூப்பிடுவேன்."

"அது சரி. பேரு?"

"பேரு வேற."

"அதுதான் கேக்கறேன்."

"அவனுக்க தாத்தா பேரு."

"தாத்தா பேரு என்ன?"

"என்ன சார் நீங்க, மாமாக்க பேர என் வாயால சொல்ல வைக்கப் பாக்கியளா? இம்புட்டுப் படிச்சிருக்கிய!" அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "பேனாவ இங்க தாங்க. எழுதலாம், தப்பில்ல. சொல்லத்தான் கூடாது."

பேனாவை வாங்கி, தம்பியின் பெயரை முத்து முத்தாக எழுதினாள். எழுதும்போதும் உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள், பெயர் தவறி வெளியே வந்துவிடக் கூடாது என்பது போல. ஐயர் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"செக்ரட்டரி சார், கமிட்டியில கேட்டா இந்த அம்மாவக் கூட்டிட்டுப் போங்க. வேற சாட்சி வேண்டாம். அது போகட்டும், உங்கள வீட்டுல உங்க அம்மா என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

செக்ரட்டரி பேனாவை மூடிப் பையில் செருகினார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"அது இங்க வேண்டாம் ஐயரே," என்றார். கையெழுத்துப் போட்டார்.

கல்லறையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா அப்போதே பிடிவாதம் பிடித்தாள். இத்தனை வருஷம் பார்த்த இடம்தானே என்றால், "அப்ப வந்தது பூ வைக்க. இது வேற," என்றாள். செக்ரட்டரியும் கூட வந்தார். பழைய கடனைத் தீர்க்கிற மாதிரி அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

அம்மா தெற்கு மதில் ஓரத்தில் நின்று, வாடகை வீடு பார்க்கிறவள் மாதிரி எல்லாவற்றையும் பார்த்தாள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மதில் இடிந்து விழுமா, பக்கத்துக் கல்லறை யாருடையது, அவர்கள் நல்ல ஆட்களா என்றெல்லாம் கேட்டாள். மதிலுக்கு அப்பால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். பிறகு முகம் மாறியது.

"தெறந்தா என்ன எங்க வைப்பிய?"

"இதுக்குள்ளதான் அம்மா. மேலேயே வைக்கறதுதான் முறை," என்றார் செக்ரட்டரி.

"பூட்டன் மேலயா? பெரியவிய மேல நான் எப்பிடிப் படுக்கது?"

"அம்மா, அவர் இதுக்குள்ள மண்ணாயிருப்பார், கேட்டோ."

"மண்ணானாலும் பூட்டன்ல்லா."

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். இந்த விஷயத்தில் நான் உதவ முடியாது என்று அவருக்கே தெரிந்தது. குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்து, காலால் புல்லை ஒதுக்கிப் பார்த்தார். கல்லுக்கு இடது பக்கம், அதே எல்லைக் கட்டுக்குள், ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் இடம் கிடந்தது. அங்கே யாரையும் வைத்ததாகப் பதிவில்லை என்றார். அப்போது அம்மாவுக்குத் தன் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பூட்டனின் மனைவி கடைசிக் காலத்தில் மகனோடு கொழும்புக்குக் கப்பல் ஏறி, திரும்பி வரவேயில்லை. அவளுக்காக விட்டு வைத்த இடமாக இருக்க வேண்டும்.

"அவ இனி வர மாட்டா," என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு இது போதும். பக்கத்துலன்னா மரியாதக் கொறவு இல்ல. பேச்சுத் துணைக்கும் ஆச்சு."

"பூட்டன்கிட்ட என்னம்மா பேசுவே?"

"எத்தன வண்டி வச்சிருந்தியன்னு கேப்பேன். ஒனக்குச் சொல்லதுக்கு ஒரு கணக்கு வேணும்லா."

சேலை முந்தானையால் கல்லின் ஓரத்தில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். செக்ரட்டரி, இடம் பிடித்திருக்கிறதா, பதிவேட்டில் எழுதிவிடலாமா என்று கேட்டார்.

"எழுதுங்க சார்," என்றாள் அம்மா. "ஆனா அவசரப்படுத்தாதிய. டாக்டரே சொன்னாவ, நல்ல எலும்பு."